எட்டு வால்வும் ஒரு மத்தியானமும்

ராஜகோபாலின் ஆம்ப்ளிஃபயர் பாடுவதற்கு முன்னால் ஒரு தடவை முனகும். முனகிவிட்டு நிறுத்தினால் பரவாயில்லை, பாட்டுக்கு அடியிலும் முனகிக்கொண்டே இருக்கும். டெல்லி ஜனக்புரி டி.டி.ஏ. ஃப்ளாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த 'ம்ம்ம்' தொடங்கியதும் அவர் மனைவி மங்களம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுவிடுவாள். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வெளியாள் யாராவது வந்தால் ஃப்ரிட்ஜ் என்று நினைத்துக்கொள்வார்கள். மங்களத்துக்கு அது ஃப்ரிட்ஜ் இல்லை. சிநேகிதி விஜயலக்ஷ்மியோடு பேச்சு நின்று போய் முப்பத்தேழு வருஷம் ஆகிறது என்று வாராவாரம் சொல்லிக்காட்டுகிற சத்தம்.

ஜனவரி மாதம், இரண்டாவது ஞாயிறு. பழைய ஆர்.கே. புரம் க்வார்ட்டர்ஸ்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. அச்சுதன் தம்பதி முனிர்கா ஃப்ளாட்டை விற்றுவிட்டார்கள், வெள்ளிக்கிழமை பெங்களூருக்கு, மகன் ஷ்ரவணோடு இருக்கப் போகிறார்கள் என்று. ஆளாளுக்குக் கைகூப்புகிற பொம்மை போட்டிருந்தார்கள். மங்களத்தின் கட்டை விரல் அந்தப் பொம்மைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் அவள் எதுவும் போடவில்லை. அச்சுதனின் மனைவிதான் விஜயலக்ஷ்மி. முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு ஒரு பொம்மையை அனுப்புவதாவது!

"ஏன்னா, அச்சுதனும் விஜியும் வெள்ளிக்கிழமை பெங்களூருக்கே போயிடறாளாம்."

ராஜகோபால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேஷா போகட்டும். போறச்சே என்னோட வால்வை மறக்காம எடுத்துண்டு போகச் சொல்லு."

எழுபத்தொரு வயது. பென்ஷன், பேத்தி, முட்டிவலி எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று. அந்த மனிதருக்கு வால்வுக் கோபம் மட்டும் ஒரு சுற்று இறங்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை நான் போய் அவளைப் பார்த்துட்டு வரப்போறேன்" என்றாள் மங்களம்.

"போ. நான் வரலை."

அவர் வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். தான் போவோமா என்பதுதான் தெரியவில்லை. ஜனக்புரி வெஸ்ட்டில் மெட்ரோவின் மெஜந்தா லைனில் ஏறினால் வண்டிகூட மாற வேண்டாம், நேரே முனிர்கா. அந்த லைன் வந்தே எத்தனையோ வருஷமாகிறது. போகாமல் இருந்ததற்கு அச்சுதன் மட்டும் காரணமில்லை, ராஜகோபால் மட்டும் காரணமில்லை. ஒரு கிருத்திகை அன்று மலை மந்திர் கோவில் படிக்கட்டில் விஜி எதிரே வந்தாள். வந்து சிரித்தாள். பக்கத்தில் ராஜகோபால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றுகொண்டிருந்தார். மங்களம் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிட்டாள். அந்தச் செருப்பு பிய்ந்து குப்பைக்குப் போய் இருபது வருஷமாகிவிட்டது, அவமானம் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் விஜியிடம் பேசாவிட்டால் இனிமேல் அதைச் சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது.

இத்தனைக்கும் ஆதிகாரணம், பழைய ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரியுமே, அந்த மாதிரி எட்டு வால்வு. வெறும் கண்ணாடி, உள்ளே கொஞ்சம் தகரம்.

எண்பத்தெட்டாம் வருஷம், இதே ஜனவரி. ஆர்.கே. புரத்தில் இரண்டு குடும்பமும் ஒரே மாடிப்படியில் எதிரெதிர் வீடு. ராஜகோபாலுக்கு ஒரு மந்திரி அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிற வேலை, அச்சுதனுக்கு ஒரு ஆபீஸில் கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஊரெல்லாம் ட்ரான்ஸிஸ்டருக்கு மாறிய பிறகுதான் இவர்களுக்கு வால்வுப் பித்துப் பிடித்தது. வால்வில் கேட்டால்தான் தம்புரா தம்புராவாகக் கேட்கும் என்பார்கள். தரியாகஞ்ச் பக்கம் ஏதோ சினிமா கொட்டகையைப் பிரித்தபோது கழற்றிய பெரிய வால்வுகள் எட்டு, செங்கோட்டைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாக்கில் கிடந்தன. பேரம் பேசி வாங்கி, ஸ்கூட்டரில் அச்சுதன் ஓட்ட, பின்னால் ராஜகோபால் மடியில் வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார்கள். ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயர், அதற்கு நாலு நாலு வால்வு என்று ஏற்பாடு.

இதில் ஒரு சங்கதி உண்டு. இந்தப் பெரிய வால்வுகள் இரண்டிரண்டாக வேலை செய்யும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட வேண்டும். பாட்டில்லாமல் சும்மா இருக்கும்போது இரண்டும் ஒரே அளவு கரெண்ட் குடித்தால், கரெண்டோடு வருகிற முனகலை ஒன்று மற்றதைக் கொண்டு கழித்துவிடும். ஒன்று அதிகம் குடித்தால் முனகல் மிஞ்சிவிடும். எவ்வளவு குடிக்கலாம் என்று வரம்பு வைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. பயஸ் வைப்பது என்று அதைச் சொல்வார்கள். இவர்கள் கட்டிய பெட்டியில் ஜோடிக்கு ஒரே ஸ்க்ரூ. பொருத்தமில்லாத ஜோடியைப் போட்டுவிட்டு அதை எந்தப் பக்கம் திருகினாலும் ஒன்றுக்குச் சரியானது மற்றதுக்குக் கூடாமல் போகும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு கறாராகப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே எட்டையும் ஒவ்வொன்றாக ஒரே குழியில் செருகி, பத்து நிமிஷம் சூடாக விட்டு, எவ்வளவு குடிக்கிறது என்று மீட்டரில் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். அச்சுதன் ஆம்ப்ளிஃபயர்தான் முதலில் தயாராகி இருந்தது, மீட்டரும் அவனுடையது. விஜியின் சிவப்பு நெயில் பாலிஷால் வால்வுகளின் அடியில் ஒன்றிலிருந்து எட்டு வரை நம்பர் போட்டாயிற்று. மீட்டரைப் படித்து எழுதுவது யார் என்பதில் மட்டும் தகராறு. ராஜகோபால் படித்தால் முள்ளைத் தனக்குச் சாதகமாகப் பார்ப்பான் என்று அச்சுதன் சொன்னான், அச்சுதன் எழுத்தை அச்சுதனாலேயே படிக்க முடியாது என்று ராஜகோபால் சொன்னார். பொதுவான ஆள் மங்களம்தான். அவளுக்கு லோதி ரோடு வானிலை ஆபீஸில் வேலை, நாள் முழுக்கத் தெர்மாமீட்டரைப் படித்து எழுதுகிறவள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டரை மணிக்கு நாலு வால்வு முடிந்திருந்தது. விஜி கைப்பையும் செருப்புமாக வந்து நின்றாள்.

"மங்களம், ஜல்தி வாடி. வெளில எப்படி வெயில் அடிக்கறது தெரியுமா? ஸரோஜினி நகர்ல எக்ஸ்போர்ட் ஸ்வெட்டர் குவிச்சுப் போட்டிருக்கானாம்."

"இன்னும் நாலு இருக்கே."

"இந்தப் பல்பெல்லாம் எங்கயும் ஓடிப்போயிடாது. வெயில் போயிடும்."

டெல்லிக் குளிரில் அந்த வெயிலை விட்டவர்கள் யாரும் கிடையாது. கோழிக் குஞ்சு மாதிரி எல்லாரும் புல்தரைக்கு வந்துவிடுவார்கள். ஆண்கள் இரண்டு பேரும் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, பாயைப் போட்டு, முகத்தில் பேப்பரை மூடிக்கொண்டு வெயிலில் படுத்துவிட்டார்கள். குழந்தைகளை கீழ்வீட்டு இந்திராணியிடம் விட்டுவிட்டுப் பெண்கள் கிளம்பினார்கள்.

அதுபோல ஒரு மத்தியானம் மங்களத்தின் ஆயுளில் இரண்டாவது வந்ததில்லை. ரிங் ரோட்டைக் கடக்கும்போது விஜி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஸ்வெட்டர்க் குவியலுக்குள் இரண்டு பேரும் இடுப்பு வரை இறங்கித் தேடினார்கள். ஒரே மெரூன் நிறத்தில், ஒரே மாதிரிக் கொம்புப் பொத்தான் வைத்தவை இரண்டு கிடைத்தன. கடைக்காரன் முன்னாலேயே போட்டுக்கொண்டார்கள். வெந்நீர்ப் பாத்திரம் வைக்க வேண்டும், குழந்தைக்கு இருமல், மாமியார் கடிதம் வந்திருக்கிறது என்று எதுவும் அன்று பேசவில்லை. ஆலு டிக்கியைத் தொன்னையோடு சுடச்சுடத் தின்றுவிட்டு வாயைத் திறந்து ஊதிக்கொண்டு, ஒருத்தி மூக்கில் வழிந்ததைப் பார்த்து ஒருத்தி சிரித்தார்கள். வீடு திரும்பும்போது தெருவிளக்குப் போட்டாகிவிட்டது. ஏழு மணிவாக்கில் உட்கார்ந்து மீதி நாலு வால்வையும் மங்களம் புது ஸ்வெட்டரோடு படித்து எழுதினாள்.

எண்களைப் பார்த்து ஆண்கள் துள்ளினார்கள். நாற்பதுக்கு நாற்பது, முப்பத்தொன்பதுக்கு முப்பத்தொன்பது, முப்பத்தாறுக்கு முப்பத்தாறு, முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து. மத்தியானம் பார்த்த ஒவ்வொன்றுக்கும் சாயங்காலம் ஒரு ஜோடி. ஒரு புள்ளிகூடப் பிசகாமல் இப்படிப் பொருந்துமா என்று ராஜகோபால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆளுக்கு இரண்டு ஜோடி பிரித்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் கழித்து ராஜகோபால் தன் பெட்டியைப் பூட்டி முடித்துப் போட்டுப் பார்த்தார். 'ம்ம்ம்' என்றது. ஓடிப்போய் எதிர் வாசலில் நின்று கேட்டார். அச்சுதன் வீட்டில் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. புது மீட்டர் வாங்கித் தன் ஜோடிகளை அளந்தார். பொருந்தவே இல்லை, ஒன்று நாற்பது என்றால் அதன் ஜோடி நாற்பத்தெட்டு. போதாதா? நல்ல வால்வை அச்சுதன் மாற்றி வைத்துக்கொண்டுவிட்டான், நம்பரை அழித்து மேலே எழுதியிருக்கிறான்! மாடிப்படியில் நின்று எட்டு வீடு கேட்கத் திருடன் என்று சொன்னார். அச்சுதனும் சும்மா இருக்கவில்லை. "மாத்தினது நீ! டீ குடிக்கப் போறேன்னு நான் எழுந்தப்போ நீதானே தனியா உக்காந்திருந்தே!" என்றான். ஒருத்தி புருஷன் சட்டையை ஒருத்தி புருஷன் பிடிக்கிற அளவுக்குப் போயிற்று. அன்றிலிருந்து கதவு இரண்டும் மூடிக்கொண்டன. பிறகு இட மாற்றம், சொந்த வீடு, ஆளுக்கொரு திசை.

இதுதான் நடந்தது. அல்லது இதுதான் நடந்தது என்று நாலு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை, விஜியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதென்று மங்களம் அலமாரி மேல் தட்டில் பழைய ஃபோட்டோக்களைத் தேடினாள். ஃபோட்டோ அகப்படவில்லை. பழுப்பு அட்டை போட்ட சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. திறந்தால் அவள் கையெழுத்து. ஒன்றாம் நம்பர் வால்வு, நாற்பது. பக்கத்தில் இன்னொரு கட்டம். அதில் 11.40.

வானிலை ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே அவளுடைய வங்காளி மேலதிகாரி சொன்னது அது. நேரம் போடாத ரீடிங்கைக் குப்பைத் தொட்டியில் போடு என்பார். அந்தப் பழக்கம் அவள் கையிலேயே ஊறிவிட்டது. பால்காரன் வந்ததைக்கூட நேரம் போட்டு எழுதுகிறவள் அவள். வால்வுக்கும் போட்டிருக்கிறாள்.

11.40. 11.55. 12.10. 12.25. அதற்குக் கீழே 6.50. 7.05. 7.20. 7.35.

மங்களம் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

குளிர்காலத்தில் ஆர்.கே. புரத்தில் ஏழு மணிக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலிலிருந்து எல்லாரும் உள்ளே வருவார்கள். வீட்டுக்கு வீடு ஹீட்டர் போடுவார்கள், வெந்நீருக்கு ராடு போடுவார்கள். குண்டு பல்பு பூசணிப்பூ நிறத்துக்கு இறங்கும். ஃப்ரிட்ஜ் திணறும். மத்தியானம் முழு வோல்டேஜில் நாற்பது குடித்த வால்வும், சாயங்காலம் அரைப் பட்டினியில் நாற்பது குடித்த வால்வும் எப்படி ஒன்றாகும்? சாயங்காலத்து வால்வுகள் நாலும் பெருந்தீனிக்காரர்கள். வயிறு காய்ந்திருந்ததால் அன்று குறைவாகக் காட்டின, அவ்வளவுதான். யாரும் மாற்றவில்லை. யாரும் திருடவில்லை. நாலு ஜோடியிலும் ஒன்று மத்தியானம், ஒன்று சாயங்காலம்.

கீழே பார்த்துக்கொண்டே வந்த மங்களத்தின் விரல் 12.25க்கும் 6.50க்கும் நடுவில் நின்றது. ஒரு கோடு கூட இல்லாத அந்த இடைவெளியில்தான் ஸரோஜினி நகர் இருந்தது. மெரூன் ஸ்வெட்டர் இருந்தது. ஆலு டிக்கி இருந்தது. இத்தனை வருஷமாக இந்த ஆம்பிளைகளால்தான் விஜியை இழந்தோம் என்று மனசுக்குள் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாளே! எட்டையும் முடித்துவிட்டு வருகிறேன் என்று அவள் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பெட்டி முனகியிருக்காது.  பேசாமல் நோட்டை மேலேயே வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொன்னால் அந்த மத்தியானமும் போய்விடும். இருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் ரீடிங்கை மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. நோட்டைக் கொண்டுபோய் ராஜகோபால் மடியில் போட்டாள்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். "சாயங்காலம் ஏழு மணி..." என்று முணுமுணுத்தார். பிறகு கோபம் வந்தது. "இதை ஏன் அப்பவே சொல்லலை நீ?"

"நீங்க நம்பரைத்தானே கேட்டேள். நேரத்தைக் கேக்கவே இல்லையே!"

அவர் மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "நடுவுல ஆறு மணி நேரம் என்ன பண்ணிண்டிருந்தோம்?"

"நீங்க தூங்கினேள். நானும் விஜியும் கடைக்குப் போனோம்."

"ஓ" என்றார் ராஜகோபால். அந்த ஓவுக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நோட்டை மூடி, அட்டையைத் தடவிக்கொண்டே, "திருடன்னு சொன்னேன், மங்களம். அச்சுவை. எட்டு வீடு கேக்க" என்றார். அவர் குரல் அப்படிப் போனதை அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை, வரமாட்டேன் என்றவர் அவளுக்கு முன்னால் மஃப்ளர் கட்டிக்கொண்டு நின்றார். நாலு வால்வையும் கழற்றி, கைக்குட்டையில் தனித்தனியாகச் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கியிருந்தார். மெட்ரோவில் பையைச் சோதிக்கிற இடத்தில் டப்பா மாட்டிக்கொண்டது.

"ஆண்ட்டி, யே டப்பே மே க்யா ஹை?" என்று காவலுக்கு நின்ற பெண் டப்பாவைத் தட்டி, உள்ளே என்னவென்று கேட்டாள்.

மங்களம் வாயைத் திறப்பதற்குள் ராஜகோபால் ஆரம்பித்துவிட்டார். வால்வு என்றால் என்ன, அது ஏன் ஜோடியாக இருக்க வேண்டும், எண்பத்தெட்டில் வோல்டேஜ் எப்படி இருந்தது என்று தன் செக்ரடேரியட் ஹிந்தியில் விளக்க, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. "ஜாயியே அங்கிள், ஜாயியே" என்று அந்தப் பெண் கும்பிட்டு அனுப்பிவைத்தாள்.

முனிர்கா ஃப்ளாட் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது விஜிதான். தலை முழுக்க வெளுத்திருந்தது, உடம்பு பெருத்திருந்தது. கண் மட்டும் அதே கண். மங்களத்தைப் பார்த்தாள், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ராஜகோபாலைப் பார்த்தாள்.

"வாங்கோ" என்றாள். "உக்காருங்கோ."

வாடி போடி என்று கூப்பிட்ட வாயிலிருந்து வந்த அந்த 'வாங்கோ'வுக்குப் பேசாமல் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது மங்களத்துக்கு. உட்காரவும் இடமில்லை. எங்கே பார்த்தாலும் அட்டைப் பெட்டி. அச்சுதன் ஒரு காதில் மிஷினோடு உள்ளேயிருந்து வந்து, ராஜகோபாலைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ராஜகோபால் டப்பாவை ஒரு பெட்டி மேல் வைத்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மனிதர் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மங்களம் நோட்டைப் பிரித்து அச்சுதன் கையில் கொடுத்து, நேரம் போட்டிருந்த கட்டத்தைக் காட்டினாள்.

வரைபடம் போட்ட கண் அது, சட்டென்று பிடித்துக்கொண்டது. அச்சுதன் தலையை நிமிர்த்தினார்.

"கோபால், உன்னோடது முனகித்தா?"

"முப்பத்தேழு வருஷமா முனகறது."

"என்னோடதும்தான்."

"புளுகாதே. நான் உங்காத்து வாசல்ல நின்னு கேட்டேன். கணீர்னு பாடித்து."

"முனகறது உனக்குத் தெரியப்படாதுன்னு வால்யூமை ஏத்தி வெச்சிருந்தேன்டா! நான் கட்டினது முனகறதுன்னு உங்கிட்ட எப்படி ஒத்துக்கறது?"

ராஜகோபால் அவரையே பார்த்தார். "அச்சு, நான் உன்னைத் திருடன்னு..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் மஃப்ளரை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் அதையேதான் சொன்னேன். உன் அளவுக்குத் தொண்டை இல்லை, அதனால எட்டு வீட்டுக்குக் கேக்கலை" என்றார் அச்சுதன். பிறகு நோட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, "நடுவுல எங்கே போனோம்? எதுக்கு நிறுத்தினோம்?" என்று கேட்டார்.

மங்களம் விஜியின் பக்கம் திரும்பினாள். கேட்டது அச்சுதன் என்றாலும் பதில் சேர வேண்டிய இடம் அது.

"நீ வந்து கூப்பிட்டே, விஜி. ஸ்வெட்டர் வாங்கப் போனோமே. நான் முடிச்சுட்டு வந்திருக்கணும். நாம போனதாலதான் இவ்வளவும். மலை மந்திர்லயும் நான் உன்னைப் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி... தப்பு என்னோடது."

 விஜியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. விருட்டென்று திரும்பி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மங்களம் பின்னாலேயே போகப் பார்த்தாள். அதற்குள் ஆண்கள் இரண்டு பேரும் பஞ்சு ரஜாய்க்குள் சுற்றிக் கட்டியிருந்த ஆம்ப்ளிஃபயரை அவிழ்த்து, அட்டைப் பெட்டி மேல் ஏற்றி, ப்ளக்கைச் செருகி, முதல் வால்வைக் குழியில் உட்கார வைத்துவிட்டார்கள். எட்டையும் இப்போது ஒரே மூச்சில் அளக்க வேண்டும், படித்து எழுதப் பொதுவான ஆள் வேண்டும். அவள் மீட்டரைப் பார்த்தாள். உள்ளே ட்ரங்குப் பெட்டியின் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு எதையோ இழுத்துப் போடுகிற சத்தம். அழுகிறாளோ? முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்கிறாளோ? முப்பத்தேழு என்று எழுதினாள், பக்கத்தில் 11.50 என்று எழுதினாள். காது உள் அறையிலேயே இருந்ததில் ஐந்து சரியாக வரவில்லை.

இரண்டு முடிந்தது. மூன்று முடிந்தது. கதவு திறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம் சூடாக வேண்டும், அந்தப் பத்து நிமிஷமும் மங்களத்துக்கு முள்ளாக இருந்தது. வால்வுகளுக்கும் வயதாகித்தான் இருந்தது, எல்லாமே மூன்று நாலு புள்ளி இறங்கியிருந்தன. நாலாவதை எழுதி நிமிர்ந்தபோது கதவு திறந்தது.

விஜி வேறு புடவை கட்டியிருந்தாள். தோளில் கைப்பை. மேலே அந்த மெரூன் ஸ்வெட்டர். கொம்புப் பொத்தான்கள் ஒன்றுகூடப் போடுகிற மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் திரை விலக்கிய மாதிரி நின்றது. நாஃப்தலின் உருண்டை வாசனை கூடத்துக்கே வந்துவிட்டது.

"நாலு ஆயிடுத்தா?" என்றாள். "ஜல்தி வாடி. வெயில் போயிடும்."

"எட்டையும் முடிச்சுட்டு!" என்று ஆண்கள் இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

விஜி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு ஒரு அட்டைப் பெட்டி மேல் தொம்மென்று உட்கார்ந்தாள். உள்ளே பாத்திரம் குலுங்கியது.

"இங்க பார் மங்களம். இந்த டெல்லியில நாற்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். நினைச்சுப் பாக்கறதுக்குன்னு ஒரு மத்தியானம் இருந்தது எனக்கு. போயும் போயும் அதைத் தப்புன்னு சொல்றதுக்கா மாடி ஏறி வந்தே? இன்னொரு தடவை சொன்னா அடிப்பேன், ஆமாம்." அவள் கண்ணில் தளும்பிவிட்டது. ஸ்வெட்டர்க் கையால் துடைத்துக்கொண்டாள். "இந்த ரெண்டு பேருக்கும் வால்வு இல்லாட்டா வேற ஏதாவது கிடைச்சிருக்கும் சண்டை போட. நாமதான் பேசியிருக்கணும். அவா கதவைச் சாத்தினா நாம ஏன்டி சாத்திண்டோம்?"

 மங்களத்துக்கு அழுகை வந்தது. மீட்டர் கலங்கித் தெரிந்தது.

"சரி சரி, ரீடிங்கைப் பார்" என்றாள் விஜி. "உன்னோட ஸ்வெட்டர் எங்கே? வெச்சிருக்கியா?"

மங்களம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டி மேலிருந்த எவர்சில்வர் டப்பாவைக் காட்டினாள். சண்டை நடந்த அடுத்த மாதமே, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் வந்தபோது, ஆத்திரத்தில் அந்த ஸ்வெட்டரைப் போட்டு வாங்கிய டப்பா அது. முப்பத்தேழு வருஷமாக அதில் துவரம் பருப்பு இருந்தது.

"அடிப்பாவி!" என்றாள் விஜி. "மூடியாவது கெட்டியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்ததும் பெட்டிக்குள் பாத்திரமெல்லாம் சேர்ந்து குலுங்கின.

எட்டாவது ஒன்றரை மணிக்கு முடிந்தது. மத்தியானத்து வால்வுக்கு மத்தியானத்து வால்வு, சாயங்காலத்துக்குச் சாயங்காலம் என்று பார்த்தால் நாலு ஜோடி. ஒரு வீட்டில் ஒன்று, மற்ற வீட்டில் ஒன்று என்றுதான் ஒவ்வொரு ஜோடியும் இருந்தது. முப்பத்தேழுக்கு முப்பத்தைந்து, நாற்பத்தைந்துக்கு நாற்பத்து மூன்று. ஒரு ஜோடியில் மூன்று புள்ளி வித்தியாசம்கூட இருந்தது. அன்றைய மாதிரி புள்ளி பிசகாத பொருத்தம் ஒன்றும் இல்லை.

"இது போறும்டா" என்றார் அச்சுதன். ராஜகோபால் ஸ்க்ரூ ட்ரைவரை வாங்கிக்கொண்டு குனிந்தார். இரண்டு வெள்ளைத் தலையும் பெட்டிக்கு மேலே முட்டிக்கொண்டன.

"இருங்கோ, கேட்டுட்டுப் போங்கோ! முனகறதான்னு பாக்க வேண்டாமா?" என்று பின்னாலிருந்து கூப்பிட்டது யார் குரல் என்று தெரியவில்லை. பெண்கள் இரண்டு பேரும் அதற்குள் படியில் இருந்தார்கள். விஜிக்கு முட்டி மடங்கவில்லை, ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. மங்களத்தின் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள். ரிங் ரோட்டில் பிடித்த அதே இடம்.

கீழே வெயில் இன்னும் இருந்தது. மேலே ஜன்னலிலிருந்து பாட்டு எழுந்தது. மூன்று மாடிக்குக் கீழே நின்று முனகல் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. மங்களம் நின்று கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு முழு நாள் இருந்தது.

"மணி என்னடி?" என்று விஜி கேட்டாள்.

கையில் வாட்ச் இருந்தது. மங்களம் அதைப் பார்க்கவில்லை. "தெரியலை, வா" என்று ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.